காலியாக இல்லாத நாற்காலி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



'புதிய பொறுப்பும் புதிய தலைவரும்' என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நிர்வாகவியல் வகுப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் ஏமாறக்கூடும். நான் நிறுவனங்களின் வரலாற்றைப் படிப்பவன். நல்ல தலைவருக்கு வேண்டிய குணங்கள் ஏழா, பத்தா என்ற கணக்கு என்னிடம் இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாமின் ராக்கெட் கதையும் வராது. அதை உங்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை இந்த ரயில் பாதையை ஒட்டியும், இதற்குச் சற்று வெளியிலும், சிலர் பொறுப்பேற்ற விதத்தை மட்டும் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

என் வாதத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். புதிதாகப் பதவிக்கு வருகிறவர் தமக்கு ஒரு காலி நாற்காலி கிடைத்ததாக நினைக்கிறார். அதில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. முன்னவர்கள் எடுத்த முடிவுகள், பாதியில் நிற்கும் வேலைகள், யாரோ யாருக்கோ கொடுத்த வாக்குகள், ஊழியர்கள் பழகிப்போன முறைகள் எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. எதைத் தொடர்வது, எதை முடித்துக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று இவற்றைக் கணக்கெடுப்பதுதான் முதல் சில மாதங்களின் வேலை. சொந்தத் திட்டம் அதற்கு அப்புறம். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள் தோற்றே போவார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் தரும் விலை அதிகம், அவ்வளவுதான்.

1. பத்து அலுவலகங்கள், ஒரு மன்றம்

நம் வாசலிலிருந்தே தொடங்குவோம். 2021 நவம்பர் 3ஆம் தேதி தாம்பரம் மாநகராட்சி ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. 2022 பிப்ரவரி 19ஆம் தேதி 70 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. மார்ச் 4ஆம் தேதி வசந்தகுமாரி முதல் மேயரானார். அப்போது அவருக்கு வயது 25.

அந்த வயதைப் பற்றி அன்று நிறையப் பேசினோம். பாராட்டியவர்களும் பேசினார்கள், சந்தேகப்பட்டவர்களும் பேசினார்கள். எனக்கு வயது பெரிய விஷயமாகப் படவில்லை. யாரும் அதிகம் கவனிக்காத இன்னொன்று இருந்தது. தமிழ்நாட்டில் முந்தைய நகர்ப்புற உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை, தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். அதனால் 2022இல் பதவியேற்ற கவுன்சிலருக்கு விஷயத்தைக் கைமாற்றித் தர முன்னவர் என்று ஒருவர் இல்லை. இருந்தாலும் அவர் ஐந்து வருடப் பழைய ஆள். அவருடைய வார்டும் இன்றைய வார்டும் ஒன்றல்ல.

அப்படியானால் ஊரைப் பற்றிய அறிவு எங்கே இருந்தது? பில் கலெக்டரிடம் இருந்தது. எந்தத் தெருவில் வரி நிலுவை, ஏன் நிலுவை, எந்த வீட்டு அளவு புத்தகத்தில் ஒன்றும் தரையில் வேறொன்றுமாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரிடம் இருந்தது. வால்வை எத்தனை சுற்றுத் திருப்பினால் மேட்டுத் தெருவுக்கும் தண்ணீர் ஏறும் என்பது எந்தக் கோப்பிலும் கிடையாது, அவர் கையில்தான் இருக்கிறது. துப்புரவு மேஸ்திரியிடமும் மழைநாளில் மோட்டார் வைக்கும் ஊழியரிடமும் இருந்தது. பத்து அலுவலகங்கள் ஒன்றானபோது பதிவேடுகளை ஓர் இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இந்த அறிவை அப்படிக் கொண்டுவர முடியாது. இடமாற்றத்தில் ஓர் ஆபரேட்டர் அனகாபுத்தூரிலிருந்து மாடம்பாக்கம் போனால், அவருக்குத் தெரிந்தது இரண்டு ஊருக்கும் இல்லாமல் போகிறது.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். பதவியேற்று ஒரு மாதம்கூட நிறையவில்லை. ஏப்ரல் 1ஆம் தேதி மாநில அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு. 2018இல் ஏற்றிய வரி மறு ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியத்தைப் பெறுவதற்கும் வரியைச் சீராக்குவது நிபந்தனையாக இருந்தது. இவற்றில் எதையும் புதிய மன்றங்கள் தீர்மானிக்கவில்லை. ஆனால் உயர்வை ஏற்றுத் தீர்மானம் போட வேண்டியவை அவைதான். தெருமுனையில் பதில் சொல்ல வேண்டியவரும் வார்டு கவுன்சிலர்தான். தாம்பரத்துக்கு மட்டும் நடந்ததில்லை இது, தமிழ்நாட்டின் எல்லா நகர்மன்றங்களுக்கும் நடந்தது. தன் பெயரில் வெளிவரும் முதல் பெரிய முடிவு தன்னுடையதாக இல்லாமல் போவது புதிய தலைவர்களுக்குச் சாதாரணமாக நேர்வது. அதற்குத் தயாராக வந்தவர்களைத்தான் காண்பது அரிது.

இன்னொரு பழைய பாக்கி தண்ணீர். 2015 டிசம்பர் முதல் நாள் மழையில் தாம்பரத்தில் ஒரு நாளில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கங்களில் அடையாற்று வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்று இங்கிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு மேயராகவோ கமிஷனராகவோ வரும் யாரும் வடிகால் விஷயத்தில் வெள்ளைத் தாளில் தொடங்க முடியாது. ஏரி ஒரு துறையிடம், சாலையோரக் கால்வாய் இன்னொரு துறையிடம், ரயில் பாதைக்கு அடியில் ஓடும் மதகு ரயில்வேயிடம். மாநகராட்சியிடம் இருப்பது தெரு வடிகால். சட்டப்படி மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார், நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. ஆகவே 'வந்ததும் வெள்ளத்தை ஒழிப்பேன்' என்ற வாக்குறுதியை விட, 'எந்த மதகு யாரிடம் இருக்கிறது என்று முதல் மூன்று மாதத்தில் எழுதி வாங்குவேன்' என்ற வாக்குறுதியைத்தான் நான் நம்புவேன். கைதட்டல் கிடைக்காது என்பது தெரியும்.

இந்த முதல் மாதங்களை ஆராய்ந்தவர்களும் உண்டு. ஜான் கபாரோ என்ற ஹார்வர்டு ஆய்வாளர் புதிய மேலாளர்கள் பொறுப்பில் காலூன்றும் விதத்தைப் பின்தொடர்ந்து 1987இல் ஒரு நூல் எழுதினார். வந்த சில மாதங்களில் ஒரு சுற்று மாற்றம் வருகிறது, பிறகு வெளியில் எதுவும் நடக்காதது போன்ற ஒரு நீண்ட காலம், அதன் பின்னரே ஆழமான மாற்றம். முழுக்கப் பிடிபட இரண்டரை, மூன்று ஆண்டுகள்கூட ஆகின்றன என்று அவர் கண்டார். முதல் சுற்றில் அவர்கள் செய்வது பெரும்பாலும் பழைய அனுபவத்திலிருந்து கொண்டுவந்த மருந்து. நடுவில் வரும் அமைதிக் காலத்தில்தான் இந்த இடத்தின் நோய் என்ன என்று தெரிகிறது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் உள்ள மன்றத்துக்கு இந்தக் கணக்கு எவ்வளவு நெருக்கடியானது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

2. தொடங்காதவர் முடித்தது

இரண்டாவது, சேலையூர்க் காட்டுக்குள் இருக்கும் சென்னைக் கிறித்துவக் கல்லூரி. 1837இல் ஜார்ஜ் டவுன் பகுதியில் ஒரு பள்ளியாக ஆரம்பித்து, சரியாக நூறு ஆண்டு கழித்து 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த நிறுவனம். இடமாற்றத்தின்போது முதல்வராக இருந்தவர் ஆல்ஃபிரட் ஹாக், தத்துவப் பேராசிரியர். 1928இல் முதல்வரானார். நகரத்தை விட்டு வெளியேறும் யோசனை அவருடையதில்லை, அவருக்கு முன்பே எழுந்தது. பல ஆண்டுப் பேச்சுவார்த்தை, நிலம், நிதி, ஹென்றி ஷெட்டி என்ற சுவிஸ் கட்டடக் கலைஞரின் வரைபடங்கள் என்று நீண்ட ஒரு வேலையை ஹாக் கையில் வாங்கிக்கொண்டார்.

ஒரு தத்துவ அறிஞர் தம் பதவிக்காலத்தின் பெரும்பகுதியைப் பிறருடைய திட்டத்தை நிறைவேற்றுவதில் செலவிட்டார் என்பதை நாம் போதுமான அளவு மதிப்பதில்லை. நம் ஊரில் புதிய முதல்வரோ புதிய அமைச்சரோ வந்தால், முன்னவர் அடிக்கல் நாட்டிய கட்டடம் அப்படியே நிற்கும். கம்பி துருப்பிடித்து வானத்தைப் பார்க்கும். பக்கத்திலேயே புதிதாக இன்னொரு பூமி பூஜை நடக்கும். இந்தப் பழக்கத்துக்குக் கட்சி வேறுபாடு கிடையாது. கல்வி நிறுவனங்களும் விலக்கில்லை.

குடிபெயர்ந்த மறு ஆண்டே ஹாக் பொறுப்பை விட்டுப் போய்விட்டார். 1938இல் அலெக்சாண்டர் பாய்ட் முதல்வரானார். அந்த டிசம்பரில் தாம்பரம் வளாகத்தில் உலகக் கிறித்துவ ஊழிய மாநாடு கூடியது. எழுபது நாடுகளுக்கு அருகில் என்று சொல்லத்தக்க எண்ணிக்கையிலிருந்து பிரதிநிதிகள் வந்தார்கள். 'தாம்பரம் 1938' என்றால் உலகச் சமய வரலாற்று மாணவர்களுக்கு இன்றும் தெரியும். கல்லூரி புதிய இடத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. சுற்றிலும் புதர்க்காடு. பாய்ட் புதிதாக எதையும் அறிவிக்காமலே அவருடைய முதல் ஆண்டின் நிகழ்ச்சி நிரல் நிரம்பியிருந்தது. அவர் 1956 வரை, பதினெட்டு ஆண்டு இருந்தார். இடத்தைக் கட்டுவது ஹாக்கின் காலத்து வேலை என்றால், அந்த இடத்தில் வாழப் பழகுவது பாய்டின் காலத்து வேலை என்றே நான் வாசிக்கிறேன். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்தக் காட்டின் செடிகொடிகளை ஆராய்ந்ததும் மரங்களை வளர்த்ததும் இந்த வாழப் பழகுவதன் பகுதிதான்.

3. சானடோரியம் கற்றுவைத்திருந்தது

அதே 1937இல் இதே தாம்பரத்தில் இன்னொரு கைமாற்றமும் நடந்தது. டாக்டர் சவுரிமுத்து என்று நாம் சொல்லும் டேவிட் சவுரிமுத்து, இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய்ச் சிகிச்சை இல்லம் நடத்தியவர். 1928இல் இங்கே ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். மருந்தில்லாத காலம் அது. திறந்த காற்று, ஓய்வு, உணவு, இவைதான் சிகிச்சை. நகரத்துக்கு வெளியே, மலையடிவாரத்தில் இடம் தேடி அவர் வந்த காரணமும் அதுதான். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் நிலைத்துவிட்டது.

நான் சொல்ல வருவது அதற்குப் பல பத்தாண்டுகள் பின்னால் நடந்தது. 1990களில் எச்.ஐ.வி. வந்தது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பிய காலம். எச்.ஐ.வி. உள்ளவர்களை முதலில் தாக்கும் நோய்களில் காசநோய் முக்கியமானது. ஆகவே அவர்கள் இருமலோடு தாம்பரத்துக்கு வந்தார்கள். இந்த மருத்துவமனை அவர்களைச் சேர்த்துக்கொண்டது. நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாக வளர்ந்தது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த எட்டு மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று.

இதைத் தலைமையின் சாதனையாக மட்டும் எழுதுவது எளிது. அப்போதிருந்த மருத்துவர்களின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வந்து உட்கார்ந்த இடம் எப்படிப்பட்டது? ஊர் ஒதுக்கும் நோயாளியைக் கையால் தொட்டு, சளிக் கிண்ணத்தை எடுத்து, மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து மாத்திரை கொடுக்க இரண்டு மூன்று தலைமுறைச் செவிலியர்களும் வார்டு ஊழியர்களும் அங்கே பழகியிருந்தார்கள். நீண்ட சிகிச்சையைப் பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குப் பாடப்புத்தகச் செய்தி அல்ல. எச்.ஐ.வி. சிகிச்சையிலும் அதே பிரச்சினைதான் தலையாயது.

ஒரு நிறுவனத்துக்குத் தன்னை அறியாமலே சில வேலைகள் கைவந்திருக்கும். புதிய தலைவர் வந்தவுடன் குறைகளைப் பட்டியலிடுகிறார். அது சுலபம், குறைகள் தாமாகவே வந்து கதவைத் தட்டும். கைவந்த வேலைகள் தட்டுவதில்லை. அவற்றைத் தேடிக் கேட்க வேண்டும். என்னிடம் யாராவது ஆலோசனை கேட்டால், முதல் மாதத்தில் ஒவ்வொரு பிரிவிலும் மிகப் பழைய ஊழியரிடம், 'வேறு இடத்தில் முடியாதது இங்கே மட்டும் எது முடிகிறது?' என்று கேளுங்கள் என்றே சொல்வேன். குறை கேட்கும் கூட்டத்தை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

4. வேகம்

'முதல் நூறு நாள்' என்ற கணக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1933 மார்ச்சில் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட் அதிபரானபோது நாடு முழுவதும் வங்கிகள் மூடிக்கிடந்தன. காத்திருக்க நேரமில்லை. அந்த நெருக்கடிக்குப் பிறந்த அளவுகோலை நாம் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் வைக்கிறோம்.

வேகத்துக்கு எதிராக நான் பேசவில்லை. குத்தம்பாக்கம் இளங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். பூவிருந்தவல்லிக்கு மேற்கே உள்ள அந்தக் கிராமத்தைச் சேர்ந்தவர், வேதியியல் பொறியாளர், அரசு ஆய்வு நிறுவன வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். 1996இல் ஊராட்சித் தலைவரானார். வடிகால் கட்ட மதிப்பீட்டில் சொன்ன கல்லை விட்டு, அருகில் கிடைத்த கிரானைட் கழிவுத் துண்டுகளைப் பயன்படுத்தினார். செலவு குறைந்தது, வடிகாலும் உறுதியாக இருந்தது. விதியை மீறினார் என்று பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். கிராம சபை அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது.

இந்தக் கதையை நேர்மையானவருக்கும் சிவப்பு நாடாவுக்கும் நடந்த சண்டையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையும்கூட. நான் வேறொன்றைக் கவனிக்கிறேன். அந்த மதிப்பீடு, விலை விகிதம், தணிக்கை எல்லாம் ஒரு காலத்தில் திருட்டைத் தடுக்க யாரோ போட்ட வேலி. புதிய தலைவருக்கு அது முட்டாள்தனமாகத் தெரியும். சில சமயம் முட்டாள்தனமாகவும் இருக்கும். ஆனாலும் ஏன் போட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, திருத்திய மதிப்பீட்டுக்கு முதலிலேயே எழுதிக் கேட்டுத் தாண்டுவதற்கும், தாண்டிய பிறகு விளக்கம் சொல்வதற்கும் வேறுபாடு இருக்கிறது. இளங்கோவுக்கு ஊர் துணை நின்றது, தப்பினார். ஊர் துணை இல்லாத எத்தனையோ நல்ல தலைவர்களின் கதை அந்த இடைநீக்க ஆணையோடு முடிந்துபோயிருக்கும்.

அவர் பின்னால் செய்தது எனக்கு வடிகாலை விடப் பெரிதாகத் தெரிகிறது. 2001இல் மற்ற ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி தரப் பஞ்சாயத்து அகாடமியைத் தொடங்கினார். தாம் பட்டறிந்ததை அடுத்தவர் முதல் நாளே தெரிந்துகொள்ளட்டும் என்று.

5. உள்ளிருந்து வருகிறவர்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். வெளியிலிருந்து வருகிறவருக்கு எதுவும் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அவர் கேள்வி கேட்கலாம். உள்ளிருந்தே உயர்ந்தவருக்கு எல்லாம் தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அவரும் நினைக்கிறார். அவருக்குத்தான் ஆபத்து அதிகம். நேற்று வரை பக்கத்து மேசையில் இருந்தவரிடம் இன்று போய், 'இது எப்படி நடக்கிறது, சொல்லுங்கள் சார்' என்று கேட்கக் கூச்சமாக இருக்கும்.

சந்திரன் தேவநேசன் இரண்டு விதமாகவும் பொறுப்பேற்றவர். கிறித்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே வரலாறு கற்பித்து, 1962இல் அதன் முதல் இந்திய முதல்வரானார். நூற்றிருபத்தைந்து ஆண்டுப் பழக்கவழக்கங்கள் அந்த நாற்காலியில் இருந்தன. அவற்றில் பலவும் அவரே மாணவராக அனுபவித்தவை. பிறகு 1973இல் ஷில்லாங்கில் புதிதாகப் பிறந்த வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தராகப் போனார். அங்கே முன்னவர் யாருமில்லை.

அது காலி நாற்காலிதானே என்று என்னிடம் ஒரு மாணவர் கேட்டார். பல்கலைக்கழகம் புதிது, மலைகள் புதிதல்ல. காசி, காரோ, நாகா மக்களிடம் பல்கலைக்கழகம் பற்றி ஏற்கெனவே எதிர்பார்ப்பும் சந்தேகமும் இருந்தன. அதுவரை அந்தப் பகுதிக் கல்லூரிகள் குவாஹாட்டிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. வினாத்தாள், பாடத்திட்டம், மொழி எல்லாவற்றிலும் அந்த உறவின் தழும்பு இருக்கத்தான் செய்யும். நேற்று நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த பதவியிலும் யாரோ உட்கார்ந்துதான் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைக் கோரிக்கை. அரசு அலுவலகத்தில் ஓர் அதிகாரி மாறும்போது சார்ஜ் கொடுப்பார்கள். சாவிக்கொத்து, முத்திரை, ரொக்கப் புத்தகம், மேசை எத்தனை, மின்விசிறி எத்தனை என்று பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திடுவார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு அந்த அளவுகூடக் கிடையாது. 2022 மார்ச்சில் பதவியேற்ற மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் 70 கவுன்சிலர்களும், கட்சி எதுவானாலும், தம் வார்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எழுதிவைக்க முடியுமா? எந்தத் தெருவின் தண்ணீர் எந்த வடிகாலில் இறங்குகிறது, அந்த வடிகால் யாருடைய துறை, எந்த வேலைக்குப் பணம் ஒதுக்கி ஏன் நின்றது, வழக்கில் உள்ள நிலம் எது, யாருக்கு என்ன சொல்லி அனுப்பினோம், எந்தத் தொட்டி ஆபரேட்டர் எத்தனை ஆண்டாக எங்கே இருக்கிறார். கையெழுத்து மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. நாம் கூடியிருக்கும் இந்தக் கல்லூரியின் பொது நிர்வாகத் துறை மாணவர்கள் ஆளுக்கு ஒரு வார்டாகப் பிரித்துக்கொண்டு உதவலாம் என்று துறைத் தலைவரிடம் சற்று முன் கேட்டேன். அடுத்த பருவத்தில் ஐந்து வார்டுகளில் தொடங்கிப் பார்க்கலாம் என்றார். முடிச்சூர்ப் பக்கத்து வார்டுகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், மழைக்கு முன்.